பழைய வீடு, ஐந்து கோடை: எங்கள் கரண்ட் பில் குறைந்த கதை

எங்கள் வீடு புதுச்சேரியில், வைசியாள் வீதிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. கீழே திண்ணையும் முற்றமுமாகத் தமிழ் வீடு, மேலே வளைவு ஜன்னலும் சாய்வுப் பலகைக் கதவுமாகப் பிரெஞ்சு வாடை. 2021 தொடக்கத்தில் முக்கிய மராமத்து முடித்தோம். ஐந்து கோடை ஓடிவிட்டது. பில் எப்படிக் குறைந்தது என்று கேட்பவர்களிடம் வாசலில் நின்று பாதிதான் சொல்ல முடிகிறது. மீதி இங்கே.

புதிதாக வாங்கி வைத்தது கொஞ்சம்தான். கழற்றிப் போட்டது நிறைய. தொண்ணூறுகளில் தாத்தா கீழ்ச்சுவர்களுக்கு சிமெண்ட் பூசினார். முற்றத்தின் மேல் ஃபைபர் ஷீட் போட்டார். மாடி ஜன்னல் பாதியை அலுமினிய ஸ்லைடிங்காக மாற்றினார். சுவர் உதிர்ந்தது, சாரல் அடித்தது, அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மே மாதம் கூடத்தில் உட்கார்ந்தால் இட்லிப் பானைக்குள் இருப்பது போலத்தான்.

வயதான கொத்தனார் ஒருவர் வந்து சிமெண்ட் பூச்சைக் கரண்டியால் பெயர்த்தார். உள்ளே செங்கல் ஈரமாக, வெள்ளை பூத்து இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். "உப்பு தம்பி. தரையிலருந்து ஏறுற தண்ணி வெளிய போக வழியில்லாம உள்ளயே நிக்குது." ஈரச் சுவர் வெயிலை வேகமாக உள்ளே கடத்தும், அறையிலும் புழுக்கம் கூடும். சிமெண்ட் முழுவதையும் எடுத்துவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்த சுண்ணாம்புச் சாந்து பூசினோம். மூன்று வாரம் என்று சொன்ன வேலை இரண்டரை மாதம் இழுத்தது. ஒவ்வொரு பூச்சும் காய வேண்டுமே! முதல் ஐப்பசி மழையில் சுவர் கறுத்தபோது அம்மா என்னை முறைத்தார். தை பிறந்ததும் தானாகக் காய்ந்துவிட்டது. குளியலறை ஓரம் முழங்கால் உயரத்துக்கு இன்னமும் உப்பு பூக்கிறது, வருடம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தட்டுகிறேன்.

மொட்டை மாடி மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கெட்டித்து, தட்டையான ஓடு (தட்டோடு) பதித்தது. இதன் மேல் சிமெண்ட் போட்டுக் கூலிங் டைல்ஸ் ஒட்டச் சொன்னவர்கள் பலர். கட்டைக்கு அது கூடுதல் பாரம், போதாததற்கு உள்ளே போன தண்ணீரும் வெளியேறாது. கடற்கரைச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டு மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காரர் கால நகராட்சிக் கட்டடம்) 2014 நவம்பர் மழையில் சரிந்ததைப் பார்த்த ஊர் இது. எனக்குத் துணிச்சல் வரவில்லை. விரிசலைச் சுண்ணாம்பு வைத்து அடைத்து, தட்டோட்டின் மேல் வெள்ளை அடித்தோம், அவ்வளவுதான். மத்தியானம் செருப்பில்லாமல் மாடியில் நடக்க முடிகிறது. குறை என்னவென்றால் ஒவ்வொரு மழைக்காலமும் அதைக் கழுவிவிடும், வருடா வருடம் அடிக்க வேண்டும்.

முற்றத்து ஷீட்டைக் கழற்றிய அன்றே வித்தியாசம் தெரிந்தது. சூடான காற்று மேலே போக வழி கிடைத்ததும், பிற்பகலில் கடல்காற்று திண்ணை வழியாக உள்ளே வந்தது. கூடவே கொசுவும் வந்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவு முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். தேடிப் பார்த்தால் பழைய சலதாரையை யாரோ சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள்! அதை உடைத்துத் திறந்த பிறகு தேங்குவதில்லை. இப்போது மேலே, ஓட்டு விளிம்பிலிருந்து இரண்டடி உயர்த்தி, நான்கு பக்கமும் வலை அடித்து ஒரு சட்டம் போட்டிருக்கிறோம். காற்று போகிறது, சாரல் கொஞ்சம் அடிக்கிறது. சமாதானம்தான், வெற்றி இல்லை.

மின்சாரத்துக்கு வருவோம். பழைய ஃபேன் ஒவ்வொன்றும் 75 வாட்ஸ், இப்போதுள்ள பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் பிரஷ் இல்லாத மோட்டார் வைத்தது) 30 வாட்ஸ். ஐந்து ஃபேன் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் மாதம் 81 யூனிட் மிச்சம். வீட்டின் அழகைத் தொடாமல் செய்யக்கூடிய முதல் வேலை இதுதான். கையில் காசு இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள், சுவரெல்லாம் அப்புறம்.

ஏசி வேண்டாம் என்று வீரம் பேசவில்லை. அம்மா தூங்கும் சின்ன அறைக்கு மட்டும் ஒரு டன் இன்வர்ட்டர் ஏசி. பதினான்கு அடி உயரக் கூரை என்பதால் ஃபால்ஸ் சீலிங் போடச் சொன்னார்கள். போட்டால் கட்டையில் கரையான் ஏறினாலும் ஒழுகினாலும் கண்ணில் படாது, அதனால் மறுத்துவிட்டேன். சுவரில் ஓட்டை போடாமல் பழைய வென்டிலேட்டர் வழியாகக் குழாயை எடுத்து, வெளி யூனிட்டைக் கொல்லைப்பக்கம் வைத்தோம். தெருப் பக்கம் தொங்கியிருந்தால் முகப்பே கெட்டிருக்கும்.

சோலார் விஷயத்தில்தான் மனக்கசப்பு. அளவெடுக்க வந்த நிறுவனம் தட்டோட்டைத் துளைத்து போல்ட் அடிக்கத்தான் தெரியும் என்றது. மூன்று மாதம் அலைந்து, பின்கட்டில் இருக்கும் கான்கிரீட் கூரையில் 2 கிலோவாட் வைத்தோம். நல்ல வெயிலில் நாளுக்கு எட்டு யூனிட் வருகிறது. உப்புக்காற்றில் படியும் பிசுக்கை வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் குறைகிறது.

ஜன்னல் வேலை இன்னும் முடியவில்லை. இரண்டு அலுமினியத்தைக் கழற்றிவிட்டுத் தேக்கில் சாய்வுப் பலகைக் கதவு செய்தோம். மூன்று பாக்கி. அதற்கு முன்னால், இந்தப் பங்குனியில் மாடிக்கு மறுபடி வெள்ளை அடிக்க வேண்டும். சுண்ணாம்பு போன வாரமே தொட்டியில் ஊறப் போட்டாகிவிட்டது.