பலகை இல்லாத நர்சரியில் வாங்கிய ஆறு தென்னம்பிள்ளைகள்

மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகிற வழியில், ரப்பர் மரங்கள் முடிகிற இடத்தில் பச்சை வலை கட்டியிருக்கும், அதுதான் கடை. பெயர்ப் பலகை கிடையாது, அதனால் பெயர் என்ன என்று கேட்காதீர்கள்.

அதற்கு முன்னால் என் பழைய வயிற்றெரிச்சல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் வேறொரு நர்சரியில் சுளை கெட்டியாக இருக்கிற "நல்ல வருக்கை" என்று சொல்லி ஒரு சக்கைத் தை, அதாவது பலாக் கன்று, தந்தார்கள். ஒட்டா, விதை போட்டு முளைத்ததா என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. போன வருடம்தான் முதல் சக்கை பழுத்தது, அம்மா கத்தியில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள், வெட்டினால் சுளை கையில் நிற்காமல் வழுக்கி ஓடுகிறது. சுத்தக் கூழன்! அவர்கள் பொய் சொன்னார்கள் என்றுகூட இப்போது நினைக்கவில்லை, கொட்டை வருக்கைச் சக்கையிலிருந்தே எடுத்ததாக இருக்கலாம். ஆனால் கொட்டைக்குள் பாதி தாய் மரம், பாதி எந்த விளையில் நின்ற எந்த மரத்தின் மகரந்தமோ. கல்யாணம் என்றால் இரண்டு வீட்டையும் மூன்று தலைமுறைக்கு விசாரிக்கிற நாம், மரம் என்றால் தாயை மட்டும் பார்த்துக் காசு கொடுத்துவிடுகிறோம். ஒட்டுக்கன்று என்றால் இந்தத் தொல்லை இல்லை, தாய் மரத்தின் கொம்பே வேறொரு வேரில் நின்று வளர்கிறது, அவ்வளவுதான்.

சரி, இந்தக் கடைக்கு வருகிறேன். போன இடவப்பாதி மழைக்காலத்தில் குட்டை-நெட்டை கலப்பினத் தெங்கு ஆறு மூடு வாங்கப் போனேன். தாய் சாவக்காட்டு ஆரஞ்சுக் குட்டை, தகப்பன் நம் மேற்குக் கடற்கரை நெட்டை. காசர்கோடு ஆராய்ச்சி நிலையம் சந்திர சங்கரா என்ற பெயரில் வெளியிட்டது இந்தச் சேர்க்கையைத்தான். வரிசையில் மட்டைக்காம்பு ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று சில பிள்ளைகள் நின்றன, பார்க்க அவ்வளவு அழகு. நான் அதைத் தூக்கப்போக, கடைக்கார அண்ணன் கையைத் தட்டிவிட்டார். "அது வேண்டாம் மக்கா, அது தாய்க்குத் தாயே பிறந்தது. காம்பு தவிட்டு நிறமா இருக்கதை எடு."

குட்டைத் தென்னையில் ஆண் பூ விரிகிற நாளும் பெண் பூ பக்குவமாகிற நாளும் ஒன்றோடொன்று விழும், அதனால் ஆண் பூவை எவ்வளவு கவனமாக அறுத்து எடுத்தாலும் சில காய் தன் மகரந்தத்திலேயே பிடித்துவிடும். ஆரஞ்சு நிறம் ஒடுங்கு பண்பு. இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும், நெட்டையின் மகரந்தம் சேர்ந்துவிட்டால் காம்பு தவிட்டு நிறமாகிவிடும். பத்தாம் வகுப்பில் மார்க்குக்காக மனப்பாடம் செய்த ஓங்கு பண்பும் ஒடுங்கு பண்பும் தென்னம்பிள்ளைக் காம்பில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அவர் ஆரஞ்சுக் காம்பை எல்லாம் தனியே ஒதுக்கி, குட்டை என்று சொல்லியே குறைந்த விலைக்கு விற்கிறார். கருக்கு (இளநீர்) குடிக்க வீட்டு முற்றத்தில் வைக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம்.

இது காய்த்தபிறகு இதிலிருந்தே விதைக்காய் எடுக்கலாமா என்றேன். கூடாது, திரும்ப இங்கேதான் வரவேண்டும் என்றார். வியாபாரப் பேச்சு என்று மனதுக்குள் சிரித்தேன், ஆனால் விஷயம் சரிதான். மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணிக் கணக்கைப் பாருங்கள், நெட்டையையும் குட்டையையும் சேர்த்தால் முதல் தலைமுறை முழுக்க நெட்டை, அதைத் தன்னிலேயே காய்க்கவிட்டால் அடுத்ததில் 787 நெட்டை, 277 குட்டை. ஒளிந்திருந்த குட்டை திரும்ப வந்துவிட்டது. ஒரு பண்புக்கே இப்படி என்றால் தென்னையின் காய்ப்பு பல மரபணுக்கள் கூடி முடிவு செய்கிற சமாச்சாரம், கலப்பினத் தெங்கின் காயை நட்டால் ஆறும் ஆறு விதமாக நிற்கும்.

வாழைக் கன்றும் உண்டு, மட்டி, செந்துளுவன், ஏத்தன். பக்கக்கன்று தாயின் அச்சு நகல் என்பதால் அதில் பெரிதாக ஏமாற ஒன்றுமில்லை, கிழங்கில் வண்டு துளைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. பில் தரமாட்டார்கள், பைகளில் ரகத்தின் பெயர் எழுதி வைப்பதும் இல்லை, எல்லாம் அண்ணனின் தலைக்குள் இருக்கிறது. அவர் சாப்பிடப் போன நேரத்தில் நிற்கிற பையனிடம் கலப்பின மிளகாய் விதைப் பாக்கெட் வாங்கினேன், "பழுத்ததில் விதை எடுத்து அடுத்த வருஷமும் போடலாம், இதே மாதிரி காய்க்கும்" என்றான். எடுத்துப் போட்டேன். ஒன்று நீளம், ஒன்று உருண்டை, ஒன்று காரமே இல்லை. அப்புறம் அங்கே வாங்கிய ஒட்டுச் சக்கையில் ஒட்டுக் கட்டுக்குக் கீழே ஒரு கொழுந்து செழிப்பாக வந்தது, நான் சந்தோஷமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அது அடிக்கன்றின் கொழுந்து, விட்டால் அதுவே மரமாகி மறுபடியும் கூழன் வந்து நிற்கலாம், உடனே கிள்ளு என்று போனில் கேட்டபிறகுதான் சொல்கிறார்கள். விற்கும்போதே சொன்னால் என்ன?

தெங்கு ஒன்றுக்கு 250 ரூபாய் கொடுத்தேன். ஆறில் ஒன்று பட்டுப்போனது, கேள்வி கேட்காமல் வேறு தந்தார். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை மட்டும் போகாதீர்கள், அந்தப் பையன்தான் இருப்பான்.