ஃபேஷன் ஷோ பேக்ஸ்டேஜில் 9 வருடம்: என் பெட்டியில் தங்கிய பொருட்கள்

2016-இல் மும்பையில் முதல் ஃபேஷன் ஷோவுக்கு முடி அலங்கார உதவியாளராகப் போனபோது என் பெட்டி 12 கிலோ இருந்தது. இப்போது 7 கிலோ. இடையில் வாங்கியதும் நிறைய, விட்டதும் நிறைய. புதிதாக வரும் பிள்ளைகள் எந்த ஸ்பிரே நல்லது, எந்த பிரஷ் வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் தங்கியவற்றைப் பற்றி எழுதுகிறேன். என் அளவுகோல் ஒன்றுதான்: கட்டிய முடியைக் கலைக்க அந்தப் பொருள் விடுகிறதா?

சலூனில் இந்தக் கேள்வி அவ்வளவாக வராது. வந்தவர் அலங்காரத்தோடு வீட்டுக்குப் போவார், மறுநாள் தலை குளிப்பார். பல டிசைனர்களின் ஷோக்கள் நாட்கணக்கில் தொடர்ந்து நடக்கும் ஃபேஷன் வீக்கில் அதே மாடல் காலையில் இறுக்கிய கொண்டையோடு நடந்துவிட்டு, மதியம் வேறொரு டிசைனருக்கு விரித்த தலையோடு நடக்க வேண்டியிருக்கும். நடுவில் தலை குளிக்கப் பெரும்பாலும் நேரம் இருக்காது. முந்தைய குழு எதைப் பூசியதோ அதன் மேல்தான் நம் வேலை தொடங்கும். மூன்று குழுக்களின் அவசரமும் ஒரே நாளில் ஒரே தலையில் இறங்கும். ஐந்தாம் நாள் மாலையில் சில பெண்களின் நெற்றியோரக் குட்டி முடிகள் அறுந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

முதலில் ஸ்பிரே. லோரியல் 1960-இல் அறிமுகப்படுத்திய எல்நெட், அந்தத் தங்க நிற டப்பா, என் பெட்டியில் எப்போதும் இரண்டு இருக்கும். தூறல் மிக மெல்லியதாக விழும், முடி நிற்கும், பிறகு பிரஷ் போட்டால் ஸ்பிரே பெரும்பாலும் உதிர்ந்து போய்விடும். மூன்றாவது குணத்துக்காகத்தான் அதை வைத்திருக்கிறேன். ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கொஞ்சம் அடித்து, காயவிட்டு, மறுபடி அடிக்க வேண்டும். கிட்டே வைத்து ஒரேயடியாக அடித்தால் எந்த ஸ்பிரேயும் பசைதான். வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்களிடம் சொல்லித்தான் வாங்குகிறேன். விமானத்தில் செக்-இன் பெட்டியில் ஒரு டப்பா 500 மில்லிக்கு மேல் போகக் கூடாது, ஒருவருக்கு மொத்தம் 2 லிட்டர்தான். எல்நெட்டின் 400 மில்லி டப்பா இந்த அளவுக்குள் வந்துவிடும். 'எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங்' என்று எழுதிய வேறு சிலவற்றையும் வாங்கிப் பார்த்தேன். ஒன்று, காய்ந்தபின் சீப்பு நுழையவே விடவில்லை. மறுநாளே அதைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஜெல் போட்டு முடி நனைந்தது போலக் காட்டும் 'வெட் லுக்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018-இல் ஒரு ஷோவில் 14 மாடல்களுக்கும் உச்சி முதல் பிடரி வரை ஜெல். அடுத்த ஷோவுக்கு 40 நிமிடம். ஒரு உதவியாளர் பதற்றத்தில் காய்ந்த ஜெல்லின் மேலேயே சீப்பை இழுக்க, அந்தப் பெண்ணின் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு பெரிய பாட்டில் கண்டிஷனர், ஃபிளாஸ்கில் வெந்நீர், அகலப்பல் சீப்பு மூன்றும் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. கண்டிஷனரை முதலில் தாராளமாகத் தடவி, வெதுவெதுப்பான நீர் தெளித்து, 3 நிமிடம் ஊறவிட வேண்டும். பிறகு நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுக்க வேண்டும். யார் அவசரப்படுத்தினாலும் அந்த 3 நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிரஷ், மேசன் பியர்சன். 1885-இல் இங்கிலாந்தில் தொடங்கிய கம்பெனி. ரப்பர் மெத்தைக்குள் காற்று இருப்பதால் அழுத்தினால் உள்வாங்கும், தலையில் குத்தாது. பன்றி மயிர் மட்டும் உள்ளதை விட நைலான் கலந்தது நம் ஊர் அடர்ந்த முடிக்குச் சரியாகப் போகும். விலை அதிகம்தான், நான் ஆறு மாதம் சேர்த்து வாங்கினேன். தண்ணீரில் மட்டும் ஊறப்போடக் கூடாது. மெத்தையில் உள்ள சின்னக் காற்றுத் துளை வழியே நீர் உள்ளே போய்விடும். முதல் பிரஷ்ஷை நான் இழந்தது அப்படித்தான். இரண்டாவது இப்போது ஏழாம் வருடத்தில் இருக்கிறது.

ஸ்ட்ரெய்ட்னருக்கு ஜிஹெச்டி (ghd) கம்பெனியுடையது. சூடு 185 டிகிரியில் நிலையாக இருக்கும், கூட்ட முடியாது. ஆரம்பத்தில் அதைக் குறையாக நினைத்தேன். இப்போது அதுதான் எனக்குப் பிடித்த விஷயம், ஏனென்றால் அவசரத்தில் யாரும் 230-க்கு ஏற்றிவிட முடியாது. அரை மணி நேரம் தொடாமல் இருந்தால் தானே அணைந்துவிடும். அதிலேயே சுருட்டிய முடியைச் சூடாக இருக்கும்போது அவிழ்க்காமல் கிளிப் போட்டு ஆறவிட வேண்டும். முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் சூட்டில் விட்டு, ஆறும்போதுதான் புது வடிவத்தில் கோத்துக்கொள்ளும். ஈரக் காற்று பட்டால் மறுபடி விட்டுவிடும். 2023, 2024 இரண்டு வருடமும் லேக்மே ஃபேஷன் வீக் மார்ச்சில் மும்பையிலும் அக்டோபரில் டெல்லியிலும் நடந்தது. மும்பையில் கடல் காற்றில் சுருள் தொங்கிப் போகும். டெல்லியின் வறண்ட காற்றில் அதே முடி மின்னேறிப் பறக்கும். இரண்டு ஊருக்கும் ஒரே பெட்டி, ஆனால் கை வேறு.

டிரையர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2000 வாட் டிரையர் ஒன்றே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷனில் சொருகினால் வரிசை முழுக்க இருட்டாகும். போனதும் 16 ஆம்பியர் பாயின்ட் எங்கே என்று கேட்டு வையுங்கள்.

மற்றதெல்லாம் கடையில் கிடைப்பவை. எனக்கு மிகவும் உழைத்தது அம்மா கொடுத்த பொட்டலம்: சவுரி, கறுப்பு நூல், கொண்டை ஊசி. அம்மா மயிலாப்பூரில் அரங்கேற்றப் பெண்களுக்குச் சடை வைத்துவிடுவார். இரண்டு மணி நேரம் குதித்து ஆடினாலும் அசையாது. ஆட்டம் முடிந்ததும் பத்தே நிமிடத்தில் பிரித்துவிடுவார். ஸ்பிரேயே கிடையாது; எல்லாம் கட்டுதான். மணப்பெண் கலெக்ஷன் ஷோக்களில் கனத்த நெற்றிச்சுட்டியும் தலைமேல் துப்பட்டாவும் வரும்போது நான் அந்த முறைக்குத்தான் போகிறேன். உச்சியில் சின்னதாக ஒரு பின்னல் போட்டு, அதில் சவுரியை நூலால் கட்டி, அதன் மேல் ஊசிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகினால் கனம் முழுவதும் அந்தக் கட்டில் உட்காரும். நாலு முடி மட்டும் இழுபட்டு வலிக்காது. மேடையேற வரிசையில் நிற்கும் லைன்-அப்பில் கடைசி நிமிடம் துப்பட்டாவை மாற்றச் சொன்னாலும் தலை கலையாது.

அம்மாவிடமிருந்து வந்த இன்னொரு பழக்கம் எண்ணிக்கை. எத்தனை ஊசி போட்டேன் என்று மாடலின் பெயர்ச் சீட்டின் பின்பக்கம் எழுதிவிடுவேன். ஷோ முடிந்து அவர் வந்து உட்கார்ந்ததும் ஒரு எவர்சில்வர் டம்ளரை மடியில் கொடுப்பேன். கடைசியாக மார்ச்சில் ஒரு பெண்ணுக்கு 34 எழுதியிருந்தேன். டம்ளரில் 33 விழுந்திருந்தது. அடுத்த குழு அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பிடரிக்குக் கொஞ்சம் மேலே விரலால் தடவிப் பார்த்தேன், அங்கே இருந்தது. எடுத்ததும் அவர் இரண்டு கையாலும் தலையைத் தேய்த்துக்கொண்டு, “அதுதான் காலையிலிருந்து குத்திக்கொண்டிருந்தது, அக்கா” என்றார்.