பெர்த்தஸ் ஆபரேஷன்: தொடையில் வெட்டா, இடுப்பில் வெட்டா?

மன்னார்குடிப் பக்கம் ஒரு பையன் விந்தி விந்தி நடந்தால், முதலில் சுளுக்குத் தட்டத்தான் கூட்டிப்போவார்கள். அவனும் முழங்கால் வலிக்கிறது என்பான். முழங்காலை எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் தெரியாது. கோளாறு இடுப்பு மூட்டில். தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்தம் தடைபட்டு, எலும்பு செத்து, நொறுங்கி, 2 முதல் 4 ஆண்டுகளில் தானாகவே மறுபடி வளரும். இதுதான் பெர்த்தஸ் நோய். 1910இல் லெக், கால்வே, பெர்த்தஸ் மூவரும் தனித்தனியே விவரித்தது.

வழக்கமாகச் செய்யும் ஆபரேஷன்கள் ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவருவதில்லை. நொறுங்கி இளகியிருக்கும் தலையை, இடுப்பெலும்பில் அது உட்காரும் குழியான கிண்ணத்துக்குள் பொதிந்து வைத்தால் அது உருண்டையாக ஆறும் என்பதே கணக்கு.

ஒரு வழி, தொடை எலும்பை மேல்பக்கம் வெட்டி உள்பக்கமாகச் சாய்த்து உலோக பிளேட் வைப்பது. பெரும்பாலான எலும்பு டாக்டர்களுக்குக் கைவந்த வேலை. மணிப்பாலில் பெஞ்சமின் ஜோசப் குழுவினர், நொறுங்கத் தொடங்கும் முன்பே இதைச் செய்தபோது, சுமார் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு நொறுங்கும் கட்டமே வராமல் போனது. ஆனால் நோயாலேயே கொஞ்சம் குட்டையாகும் கால், வெட்டியதில் இன்னும் குட்டையாகும். சின்னப் பிள்ளைக்கு அந்தச் சாய்வு வளர வளர ஓரளவு சரியாகிவிடும்; பத்து வயதுக்காரனுக்கு அவ்வளவு சரியாகாது. பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷனும் உண்டு. வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்கு வந்துபோகும் குடும்பத்துக்கு அது மறுபடியும் கூலி இழப்பு.

இன்னொரு வழி சால்ட்டர் முறை. இதில் வெட்டு இடுப்பெலும்பில். கிண்ணத்தையே முன்னும் பக்கவாட்டிலுமாகத் திருப்பி, இடையில் எலும்புத் துண்டு செருகிக் கம்பி குத்துவார்கள். கால் குட்டையாகாது, சற்று நீளும். பெரிய பையனுக்கு இது எனக்குப் பிடித்த அம்சம். கம்பியையும் பிறகு எடுக்கவேண்டும், ஆனால் பிளேட் எடுப்பதைவிடச் சின்ன வேலை. குறை என்னவென்றால், மூட்டு விறைத்திருந்தால் செய்யக்கூடாது. தொடை எலும்பின் தலைமேல் அழுத்தமும் கூடும். இடுப்போடு சேர்த்து மாவுக்கட்டு ஆறு வாரம். அது சித்திரை வெயிலில் வந்தால் பிள்ளையும் அம்மாவும் படும் பாடு தனி.

பலனில் எது மேல்? 2004இல் ஹெர்ரிங் குழு வெளியிட்ட பெரிய அமெரிக்க ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முடிவைத் தீர்மானித்தவை வயதும் சேதமும். எட்டு வயதுக்குமேல் நோய் தொடங்கி, எலும்புத் தலையின் வெளிப்பக்கப் பகுதி (அதைத் தூண் என்பார்கள்) பாதி உயரமாவது நின்றால் ஆபரேஷன் பலன் தந்தது. எட்டுக்குள் நடுத்தரச் சேதம் என்றால் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் நன்றாகவே ஆறியது. தூண் பாதிக்குமேல் சரிந்திருந்தால் எதுவும் பெரிதாக உதவவில்லை.

ஆகவே ஐந்து வயதுக் குழந்தைக்கு உடனே ஆபரேஷன் என்றால், இன்னொரு குழந்தைகள் எலும்பு நிபுணரிடம் படத்தைக் காட்டுங்கள். ஒன்பது வயது என்றால் அறுவடை முடியட்டும் என்று தள்ளாதீர்கள். எந்த முறை என்பதை, அந்த டாக்டர் அதிகம் செய்து பழகியது எது என்று கேட்டு முடிவெடுக்கலாம்.