கார்புரேட்டர் ஆம்னியில் எம்.பி.எஃப்.ஐ இன்ஜின்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

எங்களுடையது 1990களில் வந்த கார்புரேட்டர் மாருதி ஆம்னி வேன். அதில் பின்னாளில் வந்த எம்.பி.எஃப்.ஐ ஆம்னியின் இன்ஜினை, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் கணினி அளந்து இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் ரகத்தை, ஏற்றி, டேங்க் முதல் இன்ஜெக்டர் வரை மொத்த பெட்ரோல் லைனையும் மாற்றினோம். அந்த வண்டியில்தான் சில வருடங்களாகக் கோவையைச் சுற்றியுள்ள மலைகளுக்குப் போய் வருகிறோம். இதைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் பவர் எவ்வளவு கூடியது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பவர் கூடவில்லை. பழையதும் புதியதும் 796 சிசி, மூன்று சிலிண்டர், 35 குதிரைத்திறனை ஒட்டியவை. கியர் அதே நான்குதான். மாறியதில் பெரியது ஒன்று: எந்த வெயிலில் நிறுத்தினாலும் வண்டி முதல் சாவியில் கிளம்புகிறது. குடும்பத்தோடு வெளியூர் போகிறவனுக்கு அதைவிடப் பெரிய விஷயம் இல்லை.

ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஓடும்போது எப்படியோ சமாளிக்கும். மலையேறி இறங்கி டீக்கடையில் பத்து நிமிஷம் நிறுத்தினால், அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் கார்புரேட்டருக்கும் பம்புக்கும் ஏறும். உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். அப்புறம் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் பிடிக்காது. பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்தவர்களுக்கு இது தெரியும். பழைய டயாஃப்ரம் பம்ப் கால் பார் அழுத்தத்தில் பெட்ரோலை இழுத்துத் தருவது. எம்.பி.எஃப்.ஐ-யில் டேங்குக்குள்ளேயே இருக்கும் மின்சாரப் பம்ப் இரண்டரை, மூன்று பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில் பெட்ரோல் சுலபமாக ஆவியாகாது.

அழுத்தம் பத்து மடங்கு கூடுவதால்தான் இன்ஜினைவிட பெட்ரோல் லைனுக்கு நான் அதிகம் கவலைப்பட்டேன். "முதல்ல டேங்கை இறக்குங்க சார், இன்ஜின் அப்புறம் பாத்துக்கலாம்" என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார். இறக்கி, மிச்சமிருந்த பெட்ரோலை வெள்ளைத் துணியில் வடிகட்டினோம். டீத்தூள் போலத் துரு துணி முழுக்கப் படிந்தது. இவ்வளவும் இன்ஜெக்டருக்குப் போயிருந்தால் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது. எப்படியும் பழைய டேங்கில் பம்ப் இறங்க வாய் கிடையாது. எம்.பி.எஃப்.ஐ வண்டியின் டேங்கையே வாங்கி, கழுவிக் காயவைத்து மாட்டினோம். ரப்பர் ஹோஸ் எல்லாம் இன்ஜெக்ஷனுக்கென்றே வரும் கனமான ரகம். கிளிப்பும் அந்த ஹோஸுக்கு உரியது. கார்புரேட்டர் காலத்து பிளாஸ்டிக் ஃபில்டரைத் தூக்கிவிட்டு இரும்பு உடல் உள்ள ஃபில்டர் போட்டோம். சீட்டுக்கு அடியில் சூடான இன்ஜின் இருக்கும் வண்டி இது. ஒரு சொட்டு கசிந்தாலும் கசிவு நேராக நெருப்புக்குப் போகும். பட்ஜெட் இடிக்கிறது என்றால் பெயிண்டில் மிச்சம் பிடியுங்கள், ஹோஸில் வேண்டாம். தீயணைப்பான் ஒன்று எப்போதும் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததும் இந்த வேலைக்கு இன்னொரு காரணமாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். அதிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அதே அளவு காற்றுக்குக் கொஞ்சம் அதிக பெட்ரோல் வேண்டும். கார்புரேட்டர் ஜெட்டுக்கு அதெல்லாம் தெரியாது, துளை எவ்வளவோ அவ்வளவுதான் தரும். எம்.பி.எஃப்.ஐ-யில் சைலன்சர் பைப்பில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துச் சொல்ல, இன்ஜினின் கணினியான இ.சி.யு அளவைத் திருத்திக்கொள்கிறது. மலையிலும் இதே கதைதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஜெட் மட்டும் அதற்கேற்ப பெட்ரோலைக் குறைக்காது. முன்பு குன்னூர் தாண்டியதும் கரும்புகையும், இன்ஜின் விட்டுவிட்டு ஓடும் மிஸ்ஸிங்கும் ஆரம்பிக்கும். இப்போது ஊட்டியிலும், வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் ஐடிலிங் கீழே இருப்பது போலவே சீராக இருக்கிறது. வால்பாறையின் நாற்பது வளைவுகளிலும் இரண்டாவது கியரில்தான் ஏறுகிறோம், அது மாறவில்லை. ஆனால் வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டு மிதிக்கும்போது வரும் அந்தத் தடுமாற்றம் போய்விட்டது.

பெரிய இன்ஜின் போட்டிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். மாருதியின் இன்னொரு வேனான வெர்ஸாவின் 1.3 லிட்டர் இன்ஜின் பற்றி ஆசையோடு பேசுகிறவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்றேன். ஆம்னியின் பிரேக்கும் சஸ்பென்ஷனும் அந்த வேகத்துக்குச் செய்தவை அல்ல. சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதனால் அதே கம்பெனி, அதே சிசி. வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ அலுவலகத்தில் விசாரித்து, முடிந்ததும் வண்டியைக் காட்டி, புது இன்ஜின் எண்ணை ஆர்.சி-யில் ஏற்றினோம். இன்சூரன்ஸிலும் மாற்றியாயிற்று. பழைய இன்ஜின் வாங்கும்போது பில்லும், அது எந்த வண்டியில் இருந்தது என்பதற்கான தாளும் இல்லாவிட்டால், சென்னை புதுப்பேட்டையின் பழைய பார்ட்ஸ் கடைகளில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்காமலும் வாங்காதீர்கள். மூன்று சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். வந்த இன்ஜினில் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல்களை மாற்றித்தான் வண்டியில் ஏற்றினோம்.

மொத்தச் செலவு 60,000 ரூபாயை ஒட்டி வந்தது. ஒயரிங்தான் நேரத்தைத் தின்றது. ஒரு கடையில் ஒயர்களை வெட்டி ஒட்டி முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். அதை விட்டுவிட்டு, முழு ஒயர் தொகுப்பையும் (ஹார்னஸ்) இ.சி.யு-வையும் ஒரே வண்டியிலிருந்து எடுத்தோம். மைலேஜ் லிட்டருக்கு 12 கிலோமீட்டரிலிருந்து 15 பக்கம் வந்திருக்கிறது. அதை மட்டும் நம்பிச் செலவு செய்தால் பணம் திரும்ப வெகுகாலம் ஆகும்.

குறையும் உண்டு. கார்புரேட்டர் என்றால் எந்த ஊர் பைக் மெக்கானிக்கும் கழற்றி ஊதித் தந்துவிடுவார். இ.சி.யு அப்படி அல்ல. பம்புக்கு மின்சாரம் தரும் சுவிட்சான ரிலே போனால் நடுக்காட்டில் வண்டி நிற்கும், எங்களுக்கு மசினகுடிப் பக்கம் அது நடந்தது. டேஷ்போர்டில் கூடுதலாக ஒரு ரிலேயும் ஃபியூஸ்களும் இருந்ததால் அரை மணியில் கிளம்பினோம். சாவியைத் திருப்பியதும் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி 'ங்ங்' என்று பம்ப் ஓசை வரும். அதைக் கேட்டுவிட்டுத்தான் செல்ஃப் அடிக்கிறேன். சத்தம் வரவில்லை என்றால் முதலில் ரிலே, அடுத்து ஃபியூஸ். பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் பம்ப் சூடாகாது, அதனால் டேங்கைக் கால் பங்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை.

முன் சீட்டுக்கு அடியிலிருந்து வரும் சூடு மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்து இன்ஜின் மூடிக்கு அடியில் வெப்பம் தடுக்கும் ஷீட் ஒட்டிப் பார்க்கப் போகிறோம். கோடை வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.