அடுத்தவருக்குக் கேடயம் போடும் வேலை: சிட்டி ஆஃப் ஹீரோஸ் அனுபவம்

2020 ஏப்ரல் ஊரடங்கில் பொழுது போகாமல் இறக்கிய கேம் இது. ஒரு மாதம் ஆடிப் பார்த்துவிட்டு அழித்துவிடுவதாக எண்ணம். இன்னும் என் லேப்டாப்பில் இருக்கிறது, வாரத்தில் இரண்டு இரவாவது அதில்தான் போகிறது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. கிரிப்டிக் ஸ்டூடியோஸ் உருவாக்கி 2004 ஏப்ரலில் வந்த சூப்பர் ஹீரோ எம்எம்ஓ, அதாவது பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் கேம். 2012 நவம்பர் 30 அன்று சர்வர்கள் மூடப்பட்டன. 2019இல் ரசிகர்கள் ஹோம்கமிங் என்ற பெயரில் மறுபடி ஓடவிட்டார்கள். 2024 ஜனவரியில் உரிமையாளரான என்சிசாஃப்ட் அவர்களுக்கு முறைப்படி உரிமமும் கொடுத்தது. ஆடக் காசு கிடையாது, காசு கொடுத்து வாங்கும் பொருளும் கிடையாது. சர்வர் செலவு நன்கொடையில் நடக்கிறது.

கேரக்டர் உருவாக்கும் திரையிலேயே முதல் வாரம் கரைந்துவிடும். இங்கே போடும் உடுப்புக்கும் ஆளின் பலத்துக்கும் சம்பந்தமே இல்லை. மற்ற எம்எம்ஓக்களில் நல்ல கவசம் கிடைத்தால், கண்ணுக்குப் பிடிக்காவிட்டாலும் மாட்டிக்கொண்டு திரிய வேண்டியிருக்கும். இதில் நீங்கள் கற்பனை செய்த ஆள் லெவல் 1 முதல் 50 வரை அதே ஆளாகவே இருப்பார். என் முதல் ஹீரோ ஒரு நரைமுடிப் பாட்டி. சேலை கட்டிவிட ஆசைப்பட்டேன், அப்படி எதுவும் அமையவில்லை. நீளக் கோட்டு ஒன்றைப் போட்டு அனுப்பிவைத்தேன்.

பறப்பது, தாவுவது, மின்னல் வேகத்தில் ஓடுவது எல்லாம் சின்ன லெவலிலேயே கிடைத்துவிடும். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் ஹீரோ சாகமாட்டார். உயிர் ஒரு துளி மிச்சம் இருக்கும். இது தெரிந்த நாளிலிருந்து கட்டடங்களின் உச்சியிலிருந்து யோசிக்காமல் குதிக்கிறேன். நகரமே சொந்த ஊர் போல ஆனது அதற்குப் பிறகுதான்.

ஆனால் நான் இங்கே தங்கிவிட்டதற்குக் காரணம் வேறு. பாட்டி டிஃபெண்டர் வகை, ஃபோர்ஸ் ஃபீல்டு பவர். அடி வலு குறைவு. தனியாகப் போனால் நாலு ரவுடிகளைச் சாய்ப்பதற்குள் நமக்கே அலுத்துவிடும். அவள் வேலை மற்றவர்களுக்குக் கேடயம் போடுவது. அதன் கணக்கைப் புரிந்துகொண்ட இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சம லெவல் சாதாரண எதிரி ஒருவன் நம்மைத் தாக்கினால் அடி படும் வாய்ப்பு 50 சதவீதம். நம் தற்காப்பு எவ்வளவோ அவ்வளவும் அதிலிருந்து நேராகக் கழியும். தற்காப்பு 45 ஆனால் மிச்சம் 5. அதற்குக் கீழே கேம் இறங்காது. இப்போது 40இல் இருக்கும் ஒருவருக்கு நான் இன்னும் 5 சேர்க்கிறேன் என்று வையுங்கள். பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் நூற்றுக்கு 10 அடி வாங்கிக்கொண்டிருந்தவர் இனி 5தான் வாங்குவார், பாதி அடி போயே போய்விட்டது. கடைசியாகச் சேரும் சின்ன உதவிதான் ஆளைப் பிழைக்க வைக்கிறது. சூப்பர் ஹீரோ என்றாலே பலமாகக் குத்துகிறவர் என்று நினைத்திருந்த எனக்கு, காப்பாற்றுவதை இப்படி எண்ணில் காட்டிய கேம் வேறு இல்லை.

நெருப்பை அள்ளி வீசுவார், ஆனால் இரண்டு அடிக்கு மேல் தாங்கமாட்டார். அப்படிப்பட்ட பிளாஸ்டர் ஒருவர் என் கேடயத்துக்குள் நின்று கூட்டத்தின் நடுவே வெடிக்கும்போது வரும் சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

ஆட்களும் அதற்கேற்றவர்கள். ஒருமுறை நீண்ட டாஸ்க் ஃபோர்ஸ் (குழுவாகச் சேர்ந்து முடிக்கும் மிஷன் வரிசை) ஒன்றின் நடுவில் எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால், ஏழு பேரும் கடைசிக் கதவுக்கு வெளியே நின்று நடன எமோட் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை விட்டுவிட்டு முடித்திருக்கலாம். ஒருவர்கூட ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை.

பிங், அதாவது சர்வருக்குப் போய்த் திரும்பும் தாமதம் பற்றிக் கேட்பீர்கள். அமெரிக்க சர்வர்களில் எனக்கு 250 மில்லிசெகண்டுக்குக் குறைந்து வந்ததில்லை. துப்பாக்கிக் கேமாக இருந்தால் மூட்டை கட்டியிருப்பேன். இதில் இலக்கைத் தேர்ந்தெடுத்து, பவரை அழுத்தி, அது ஓடி முடியும்வரை காத்திருக்கும் முறை என்பதால் சமாளிக்க முடிகிறது. ஐரோப்பாவுக்கான ரீயூனியன் சர்வர் இன்னும் தேவலை, ஆனால் அங்கே கூட்டம் குறைவு. அவர்கள் மாலையில் வந்து உட்காரும்போது நமக்கு நள்ளிரவு நெருங்கிவிடும். ஹாமிடான் என்ற ராட்சத எதிரியை ஐம்பது பேர் சேர்ந்து அடிக்கும் ரெய்டில் என் பழைய லேப்டாப் படம் படமாக நகரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி குறைகள். முதலாவது, இடங்கள். அதே அலுவலகம், அதே கிடங்கு, அதே குகை. நூறாவது மிஷனில் லிஃப்ட் எந்தப் பக்கம் இருக்கும் என்று கண்ணை மூடிச் சொல்லலாம். எல்லோரையும் வீழ்த்து என்ற வகை மிஷனில் கடைசி ஒருவன் ஏதோ மூலையில் ஒளிந்திருப்பான். எட்டுப் பேரும் பத்து நிமிடம் அவனைத் தேடுவோம். குகைக்குள் என்றால் இன்னும் கொடுமை. 2004இன் வடிவமைப்பு என்று சொல்லி மன்னிக்கலாம், ஆனால் அலுப்பு அலுப்புதான்.

என்னை உண்மையில் வருத்துவது இரண்டாவது குறை. லெவல் 50 ஆனபின், பவர்களில் பொருத்தும் இன்வென்ஷன் செட் என்ற மேம்பாடுகளைச் சேர்த்துச் சேர்த்து யார் வேண்டுமானாலும் அந்த 45ஐத் தாங்களே எட்டிவிடலாம். அடி தாங்காத பிளாஸ்டரும் எட்டிவிடுகிறார். எந்தப் பவரில் எதைப் பொருத்துவது என்று பில்ட் போடுவது ஒரு தனிக் கலை, நானே அதில் மாதக்கணக்கில் மூழ்கியிருக்கிறேன். ஆனால் விளைவு என்ன? உச்ச லெவல் டீமில் எட்டுப் பேரும் எட்டுத் திசையில் ஓடுகிறார்கள். நான் கேடயத்தைப் போட்டு முடிப்பதற்குள் அறை காலி. வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை, நன்றிகூடச் சொல்கிறார்கள். தேவைதான் இல்லை. ஒருவரையொருவர் நம்பி நிற்பதை அத்தனை அழகாகக் கட்டியவர்கள், அந்தத் தேவையையே அழிக்கும் கருவியையும் அதே கேமுக்குள் வைத்திருக்கிறார்கள்.

இதோடு ஃபார்ம் வேறு. ஆட்டக்காரர்களே மிஷன் எழுத 2009இல் வந்த ஆர்கிடெக்ட் வசதி எவ்வளவு நல்ல யோசனை! அதில் கதை எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வசதி இருக்கும் கட்டடத்துக்குள் இன்று அதிகம் காதில் விழுவது, வரிசையாக நிற்கும் எதிரிகளைக் கொளுத்தி லெவல் ஏற்றும் ஃபார்முக்கான அழைப்புதான். ஒரே நாளில் 50 ஆகிவிட்டு, நகரத்தில் எது எங்கே என்று தெரியாமல் நிற்கும் புதியவர்களைப் பார்த்திருக்கிறேன். சில வாரத்தில் அவர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

புதிதாக வருகிறவர்கள் தயவுசெய்து அந்த அழைப்பை மறுத்துவிட்டு, முதல் 20 லெவலை நடந்தே ஏறுங்கள். பழைய ஆட்களுக்கும் ஒரு வழி உண்டு, அதுதான் என்னை இன்னும் இங்கே வைத்திருக்கிறது. பாசிட்ரான், சினாப்ஸ் மாதிரியான கீழ் லெவல் டாஸ்க் ஃபோர்ஸில் சேர்ந்தால் லெவல் 50 ஆளையும் கேம் தானாகவே கீழ் லெவலுக்கு இறக்கிவிடும். பெரிய பவர்கள் எல்லாம் அணைந்துபோகும். சினாப்ஸ் நீளம் என்று எல்லோரும் திட்டுவார்கள். உண்மைதான், கிளாக்வர்க் இயந்திரங்கள் நம் சக்தியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், முடியவே முடியாது போலிருக்கும். எனக்கு அது பிடிக்கும். போன சனிக்கிழமை இரவு அதில் ஒரு பிளாஸ்டர் மூன்று முறை விழுந்து எழுந்துவிட்டு, பாட்டி எங்கே, கொஞ்சம் பக்கத்தில் வாங்க என்று டைப் செய்தார். போனேன்.