மொரிஸ் மைனருக்கு நானே செய்த ஸ்பனர்கள்: ஒன்பது வருடத்துக்குப் பிறகு எது மிஞ்சியது

என்னிடம் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் கிடக்கும் சாமான்களில் பாதிக்கு எந்தக் கடையிலும் பெயர் கிடையாது. வளைந்த ஸ்பனர், முனை உருகிய நைலோன் கயிறு, பாலைக் கட்டையில் கடைந்த ஒரு குத்தி, கொக்கித் தராசு. 2016இல் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கினேன், 948 சீசி எஞ்சின், 1 ஸ்ரீ இலக்கத் தகடு. அன்று தொடங்கி இன்று வரை அதற்காக நானே செய்த கருவிகள் பதினைந்து பதினாறு இருக்கும். கை இன்னும் தேடிப் போவது நாலைந்தைத்தான். மற்றதெல்லாம் கறள் பிடித்துக் கிடக்கிறது, இரண்டு என் கையையும் பதம் பார்த்தது.

முதலில் ஒரு விஷயம். இந்தக் காரில் அதிகம் வரும் நட்டின் தலை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். கிளிநொச்சிக் கடைகளில் தொங்குவதெல்லாம் 12, 13, 14. பன்னிரண்டு ஏறாது, பதின்மூன்று ஏறும், ஆனால் 0.3 மில்லிமீற்றர் ஆட்டம் இருக்கும். அறுபது வருடத்து நட்டின் மூலையை மழுங்கடிக்க அந்த ஆட்டம் போதும். நான் நாலு நட்டை அப்படி உருட்டின பிறகுதான் கொழும்பிலிருந்து அங்குல ஸ்பனர் செட் எடுப்பித்தேன். ஏழின் கீழ் பதினாறு, அரை, ஒன்பதின் கீழ் பதினாறு, இந்த மூன்றும் நல்லதாக இருந்தால் காரில் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். அதை வாங்காமல் கருவி செய்யப் போவது வீண் வேலை.

சரி, வளைந்த ஸ்பனர். இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். நடுவில் இருக்கும் நட்டுகள் இரண்டுக்கும் இடையில் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும், விரலும் தொடும், ஸ்பனர் மட்டும் திரும்பாது. பழைய அரை அங்குல றிங் ஸ்பனர் ஒன்றை நாலு அங்குலத்துக்கு வெட்டி, கம்மாலைக்குக் கொண்டுபோய், கரி நெருப்பில் சிவக்கக் காய்ச்சி வளைத்தேன். வளைத்த சந்தோஷத்தில் அப்படியே தண்ணீர் வாளிக்குள் போட்டேன். சுர்ரென்ற சத்தம் கேட்டதும் பெரிய கொல்லன் ஆகிவிட்ட நினைப்பு. முதல் நட்டிலேயே கழுத்தோடு முறிந்தது, முழங்கை றேடியேற்றரில் போய் இடித்தது.

பக்கத்துக் காணியில் இருக்கும் பழைய மெக்கானிக் அண்ணை உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, தண்ணியிலை போட்டா இரும்பு கண்ணாடி மாதிரிப் போயிடும். சாம்பலுக்குள்ள புதைச்சுப்போட்டு நாளைக்கு வந்து எடு" என்றார். இரண்டாவதை அப்படியே செய்தேன். மெதுவாக ஆறிய ஸ்பனர் கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும், பெரிய பலம் கொடுத்தால் வாய் விரியும். ஆனால் இந்த நட்டுகள் பித்தளை, பெரிய பலம் கேட்காது. ஆறு வருடம் ஆகிறது, வாய் இலேசாகத்தான் அகன்றிருக்கிறது. பெட்டிக்குள் ஒன்றை மட்டும் வைத்திருக்கலாம் என்று சொன்னால் இதைத்தான் வைத்திருப்பேன். முலாம் பூசிய ஸ்பனர் என்றால் நெருப்பில் வைக்க முதலே கிரைண்டரால் அதை உரித்துவிடுங்கள், அந்தப் புகையை மூக்கில் இழுக்காதீர்கள்.

இந்த அண்ணையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இங்கே பெற்றோல் கண்ணில் காண முடியாது, ஒஸ்ரினும் மொரிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது, அதனால் ஸ்ரார்ட் எடுக்க மட்டும் பொத்திப் பொத்தி வைத்த கொஞ்சப் பெற்றோலைக் காட்டி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் மணமும் ஊரெல்லாம் போகும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும், உள்ளே கரி பிடிக்கும், ஆகவே திரும்பத் திரும்ப ஹெட்டை, அதாவது சிலிண்டர்களுக்கு மேலே இருக்கும் மூடியை, கழற்ற வேண்டும். உதிரிப்பாகமும் இல்லை, கருவியும் இல்லை. அந்தக் காலத்தில் கராச் வைத்திருந்தவர்களுக்கு, கையில் இல்லாததைச் செய்துகொள்வது ஒரு கலை என்ற எண்ணமே கிடையாது. அண்ணைக்கு நான் இதையெல்லாம் படம் எடுத்து வைப்பது இன்றும் சிரிப்பு.

கயிற்று வித்தையும் அவர் சொன்னதுதான். காலையில் ஸ்ரார்ட் எடுக்கும்போது மட்டும் நீலப் புகை வந்தது, வால்வுத் தண்டு வழியாக ஒயில் இறங்காமல் தடுக்கும் சீல் போய்விட்டது. ஹெட்டைக் கழற்றாமல் சீலை மாற்ற வால்வு ஸ்பிரிங்கை அமுக்கினால் வால்வு சிலிண்டருக்குள் இறங்கிவிடும், அதைக் கீழேயிருந்து தாங்க ஏதாவது வேண்டும். பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் பெருவிரலை வைத்துக்கொண்டு ஸ்ரார்ட்டிங் ஹாண்டிலால் மெதுவாகச் சுற்றினால் காற்று விரலைத் தள்ளும் நேரம் ஒன்று வரும், அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும். பிஸ்டன் மேலே வர ஓர் அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, நாலடி மெல்லிய நைலோன் கயிற்றை ஓட்டைக்குள் ஊட்டி, வால் வெளியே இருக்கும்படி விட்டு, ஹாண்டிலை இறுக்கமாகும் வரை சுற்ற வேண்டும். கயிற்று மெத்தையில் வால்வு உட்கார்ந்துவிடும்.

நான் முதல் தடவை தும்புக் கயிற்றைப் போட்டேன். வீட்டில் அதுதான் கிடந்தது. வெளியே இழுத்தபோது பாதித் தும்பு உள்ளேயே நின்றுவிட்டது. இரண்டு நாள் கம்பியும் வெளிச்சமுமாகக் குனிந்து நின்று பொறுக்கினேன். நைலோன்தான், முனையையும் நெருப்பில் காட்டி உருக்கிவிட வேண்டும்.

ஸ்பிரிங்கை அமுக்கும் நெம்புகோல் லொறி ஸ்பிரிங் தகட்டில் செய்தது. அந்தத் தகடு பழைய இரும்புக் கடையில் வாங்கினது. எங்கள் பக்கத்தில் காணி கொத்தும்போது கிளம்பும் போர்க்கால இரும்பை நான் தொடுவதே இல்லை, வெடிக்காத குண்டாகவும் இருக்கலாம், நீங்களும் தொடாதீர்கள், இலவச இரும்பு என்று ஒன்றும் இல்லை.

ஆனால் இந்த முறையை எல்லாரும் புகழ்வதுபோல் நான் புகழ மாட்டேன். இந்த எஞ்சினில் ஹெட்டைப் பிடிக்கும் ஒன்பது நட்டில் நாலு, வால்வுகளை அமுக்கித் திறக்கும் ராக்கர்களின் தண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. ராக்கரைக் கழற்ற வேண்டுமென்றாலே றேடியேற்றர் தண்ணீரை இறக்கி, ஒன்பதையும் ஒழுங்காகத் தளர்த்தி, பிறகு திரும்ப இறுக்க வேண்டும். ஆகவே மிச்சமாவது ஒரு கஸ்கெற்றும் அரை நாளும்தான்.

இறுக்குவதற்குத்தான் தராசு. கணக்கு 40 அடி இறாத்தல். ஒன்பதின் கீழ் பதினாறு ஸ்பனரில் நட்டின் நடுவிலிருந்து சரியாக ஓரடியில் கோடு கீறி, அங்கே மீன் நிறுக்கும் கொக்கித் தராசை மாட்டி, ஸ்பனருக்குச் செங்குத்தாக இழுத்தால் 18 கிலோ காட்டும் இடம்தான் அந்த 40. ஒரே மூச்சில் இழுக்காமல் ஒன்பது, பதினாலு, பதினெட்டு என்று மூன்று சுற்றாகப் போனேன். இழுவை சாய்ந்தால் கணக்கு பொய்யாகிவிடும், அதனால் இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். என் மகள்தான் "அப்பா, சரியுது" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். பிறகு ஒருவரிடம் இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் உண்மையான ரோர்க் ஸ்பனரை இரவல் வாங்கிச் சரிபார்த்தேன், ஒரு நட் கூட அசையவில்லை. நான் செய்ததிலேயே செலவே இல்லாத வெற்றி இதுதான்.

வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவில் இடைவெளி வைக்கச் செய்த ஸ்குறூ டிரைவரும் நிற்கிறது. கைப்பிடியை வெட்டி மேலே குறுக்குக் கம்பி ஒட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். றிங் ஸ்பனரின் வட்டத்துக்குள்ளால் இறங்கி, நட்டை இறுக்கும்போது திருகு கூடவே சுற்றாமல் பிடித்துக்கொள்ளும். எட்டு வால்வில் எதை எப்போது சரிசெய்வது என்பதற்கு ஒன்பதுக் கணக்கு இருக்கிறது: எட்டாவது முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைப் பார், ஆறாவது என்றால் மூன்றாவது, கூட்டினால் ஒன்பது வர வேண்டும். இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு, 0.30 மில்லிமீற்றர். அதை அளக்க சோடா ரின் தகட்டை மூன்று மடிப்பாக வெட்டிப் பார்த்தேன். வெட்கக்கேடு. இடைவெளி அளக்கும் தகடுகளான ஃபீலர் கேஜ் பெரிய விலை இல்லை, வாங்குங்கள்.

கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்தும் குத்தி பாலைக் கட்டையில் தச்சரிடம் கடைந்தது. பழைய கியர்பொக்ஸ் தண்டை மாதிரிக்குக் கொடுத்தேன். மூன்று தடவை பாவித்தாயிற்று. மாரியில் ஊதிப்போய் உள்ளே ஏறவில்லை, அரத்தாளால் தேய்த்து ஒயிலில் ஒரு கிழமை ஊறப்போட்டேன். அப்புறம் பிரச்சினை தரவில்லை.

தோற்றவை: பால்மா ரின்னை வெட்டிச் செய்த பிஸ்டன் றிங் அமுக்கி ஒரே ஒரு தடவை வேலை செய்தது, அடுத்த தடவை விளிம்பு மடங்கி ஒரு றிங்கை முறித்தது. இறுகிய பாகங்களை இழுத்துக் கழற்றவென்று கட்டடக் கம்பியில் செய்த புலர் இழுக்கும் முன் தானே நிமிர்ந்துவிட்டது. எல்லா அளவுக்கும் பொருந்தட்டும் என்று ஆசைப்பட்டுச் செய்த மூன்று கருவிகளும் எந்த அளவுக்கும் பொருந்தவில்லை. ஒரு நட்டை மனதில் வைத்துச் செய்தவைதான் இன்றும் இருக்கின்றன.

காரைத் தூக்கித் தாங்கும் எதையும் நான் செய்யவில்லை, செய்யப் போவதும் இல்லை. முன் சில்லுப் பக்கம் இருக்கும் முறுக்குக் கம்பியிலும் வீட்டுக் கருவியோடு கை வைக்காதீர்கள், காரின் முன்பக்கப் பாரம் முழுவதும் அந்த முறுக்கில்தான் நிற்கிறது.

போன மாதம் புதுக்குடியிருப்பிலிருந்து பழைய ஒஸ்ரின் ஒன்று வைத்திருக்கும் ஒருவர் அந்த வளைந்த ஸ்பனரைக் கேட்டு வந்தார். உங்கள் எஞ்சின் வேறு, நட் இருக்கும் இடமும் வேறு, பொருந்தாது என்றேன். பரவாயில்லை என்று அண்ணையின் கம்மாலைக்கார ஆள் யார் என்று விசாரித்துவிட்டு, கிளம்பும்போது ஒரு சாக்குப் பையில் என் வீட்டு அடுப்புச் சாம்பலை வாங்கிக்கொண்டு போனார்.