சின்ன டீசல் டிராக்டருக்கு எந்த சைலன்சர்? கண்ணாடி நாரா, ஒற்றை அறையா, இரட்டை அறையா

சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது, அதே மாடலுக்கான புதியது கிடைக்கிறது என்றால் அதை வாங்கி மாட்டிவிடுங்கள். அந்த இன்ஜினுக்கென்றே அளந்து செய்ததை மிஞ்சுவது கடினம். கிடைக்காதபோது நாமே செய்வதற்கான வழிகளைத்தான் இங்கே பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கிறேன். பேச்சு 15 முதல் 30 எச்பி வரையிலான, டர்போ இல்லாத, ஒன்று முதல் மூன்று சிலிண்டர் டீசல்களைப் பற்றியது. டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) பொருத்தி வந்த டிராக்டரின் எக்ஸாஸ்டில் கை வைக்க வேண்டாம்.

முதலில் வெறும் பைப். சைலன்சரைக் கழற்றினால் பவர் கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. டீசல் டிராக்டரில் எவ்வளவு எரிபொருள் போக வேண்டும் என்பதை பம்பும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரும் முடிவு செய்கின்றன. அடைப்பில்லாத ஒழுங்கான சைலன்சரைக் கழற்றுவதால் கையில் கிடைப்பது மிகக் குறைவு. காது கொடுக்கும் விலையோ பெரியது. 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். உழவு 15 நிமிடத்தில் முடியாது. இந்த வழியை இத்தோடு விட்டுவிடலாம்.

அடுத்து, கார் சைலன்சர். உடல் பெரியது, உள்ளமைப்பு நன்றாகச் சோதிக்கப்பட்டது, சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அது ரப்பரில் தொங்கி, படுத்த வாக்கில் வேலை செய்யப் பிறந்தது. டிராக்டரில் நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் வடிய வேண்டிய ஓட்டை தவறான இடத்தில் போய் நிற்கும். தகடும் மெல்லியது, ஒற்றை சிலிண்டர் டீசலின் அதிர்வு தாங்காமல் தகட்டின் மடிப்புத் தையல் சீக்கிரம் விட்டுவிடும். பழையதை வாங்கி மாட்டுவதென்றால் ஜெனரேட்டர் சைலன்சர் இதைவிட எவ்வளவோ மேல். டீசலுக்கென்றே கனமான தகட்டில், அறை வைத்துச் செய்தது.

இனி, நாமே வெல்டிங் செய்யும் சைலன்சருக்கு வருவோம். உண்மையான போட்டி இங்கேதான்.

கண்ணாடி நார் சைலன்சர் செய்வதற்கு எளிது. ஓட்டை போட்ட நேர்க்குழாய், அதைச் சுற்றி நார், வெளியே ஓர் உறை. புகை நேராகப் போவதால் பேக் பிரஷர், அதாவது புகை வெளியேறுவதைத் தடுக்கும் எதிரழுத்தம், மிகக் குறைவு. ஆனால் நார் விழுங்குவது கூர்மையான சத்தத்தை; டீசல் டிராக்டரின் பிரச்சினை தடித்த சத்தம். மூன்று சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் 2400 ஆர்பிஎம்மில் ஓடினால் வினாடிக்கு 60 தடவை புகை அடித்து வெளியேறும், அதாவது 60 ஹெர்ட்ஸ். ஒற்றை சிலிண்டர் 2000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 17 தடவைகூட இல்லை. 400 டிகிரி சூட்டில் புகைக்குள் ஒலி வினாடிக்குச் சுமார் 520 மீட்டர் போகும். அப்படியானால் 60 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை எட்டரை மீட்டருக்கும் மேல் நீளம். நாலு விரல் கனமுள்ள நாரை அந்த அலை பொருட்படுத்தாது. இது போதாதென்று கரியும் எண்ணெய்ப் பசையும் நாரில் ஊறிக் கெட்டியாகும். அப்படி ஊறிய நார் தீப்பிடிக்கவும் செய்யும். பெட்ரோல் வண்டிக்கு இது நல்ல வழியாக இருக்கலாம். சின்ன டீசலுக்கு முதன்மைச் சைலன்சராக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அறை வைத்த சைலன்சர் வேறு விதம். குறுகிய குழாயிலிருந்து அகன்ற அறைக்குள் ஒலி விரியும்போது அதன் ஒரு பகுதி இன்ஜின் பக்கமே திரும்பிவிடுகிறது. எவ்வளவு திரும்பும் என்பதைத் தீர்மானிப்பது அறைக்கும் குழாய்க்கும் உள்ள பரப்பு விகிதம். அறையின் விட்டம் குழாயைப் போல் இரண்டு மடங்கு என்றால், கணக்குப்படி உச்சபட்சமாக ஆறரை டெசிபல் குறையும். மூன்று மடங்கு என்றால் 13, நான்கு மடங்கு என்றால் 18. பளபளப்பான ஸ்டெயின்லெஸ்ஸில் ஒல்லியாகச் செய்வதைவிட சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகட்டில் குண்டாகச் செய்வதே மேல் என்று நான் சொல்வது இதனால்தான். கொள்ளளவு இன்ஜினைப் போல் 5 மடங்காவது இருக்கட்டும். 10 மடங்கு கிடைத்தால் மிக நல்லது. 15 சென்டிமீட்டர் விட்டம், 60 சென்டிமீட்டர் நீளம் வைத்தால் 10.6 லிட்டர் வரும். ஒரு லிட்டர் இன்ஜினுக்கு அருமையான அளவு.

இந்த உடலை ஒரே அறையாக விடுவதா, நடுவில் தடுப்பு வைத்து இரண்டாக்குவதா? பெரும்பாலோர் யோசிக்காமல் தடுப்பு வைக்கிறார்கள். உள்ளே 42 மில்லிமீட்டர் குழாய் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒற்றை அறை 60 ஹெர்ட்ஸிலேயே சுமார் 9 டெசிபல் குறைக்கிறது. அதே உடலை 24, 36 சென்டிமீட்டர் என இரண்டாகப் பிரித்து, நடுவில் 10 சென்டிமீட்டர் இணைப்புக் குழாய் வைத்தால், சுமார் 170 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அறைகளே சேர்ந்து ஒத்ததிர ஆரம்பிக்கும். அங்கே சத்தம் குறைவதற்குப் பதில் கூடவும் கூடும். அதற்கு நன்றாக மேலே போனபின் இரட்டை அறை ஒற்றையை வெகுவாக முந்திவிடும். காதை உறுத்துவதும் பெரும்பாலும் அந்த மேல் பகுதிதான்; 60 ஹெர்ட்ஸ் நெஞ்சில் தெரியும், காதில் அவ்வளவாக உறைக்காது.

ஆகவே மெதுவாக ஓடும் ஒற்றை சிலிண்டருக்கு, 'தும் தும்' என்ற அடிதான் தொல்லை என்றால், ஒற்றைப் பெரிய அறை. இரண்டு மூன்று சிலிண்டர் இன்ஜின் வேகமாக ஓடி வறட்டுச் சத்தம் போடுகிறது என்றால் இரட்டை. இரட்டையில் இரண்டு அறைகளையும் சமமாகப் பிரிக்காதீர்கள். ஒன்று கோட்டை விடும் சுருதியை மற்றதும் கோட்டை விடும்.

ஒற்றை அறைக்கும் அந்தக் குறை உண்டு. அறையின் நீளம் அரை அலைக்குச் சமமாகும் சுருதியில் ஒலி தடையே இல்லாமல் வெளியே வந்துவிடும். அதற்கு அழகான மருந்து இருக்கிறது. நுழையும் குழாயை அறையின் பாதி நீளம்வரை உள்ளே நீட்டுங்கள். வெளியேறும் குழாயைக் கால் பங்கு நீட்டுங்கள். இப்படித் தப்பி வெளியேறும் முதல் சில சுருதிகள் இதிலேயே அடைபடும். செலவு ஒரு முழம் பைப் மட்டும். இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பட்டறையில் அடிக்கும் வெற்று டப்பாவுக்கும் உங்கள் சைலன்சருக்கும் வித்தியாசம் காதில் தெரியும். உள்குழாயில் ஓட்டை போட்டு முனையை அடைப்பவர்கள் ஓட்டைகளின் மொத்தப் பரப்பைக் கவனிக்க வேண்டும். 42 மில்லிமீட்டர் குழாய்க்கு 6 மில்லிமீட்டர் ஓட்டை 49 போட்டால் பரப்பு சமம்தான். புகை தாராளமாகப் போக 100 ஓட்டையாவது வேண்டும்.

உடல் உருண்டையாக இருக்கட்டும். சதுரப் பெட்டி மடிக்க எளிது, ஆனால் அதன் தட்டையான பக்கங்கள் அதிர்ந்து தாமே சத்தம் போடும். தகடு 2 மில்லிமீட்டர் போதும். 304 ஸ்டெயின்லெஸ் துருவுக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் 400 டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் குழாய் 7 மில்லிமீட்டர் நீளும், எம்.எஸ். 5 மில்லிமீட்டர்தான். இரண்டையும் கலந்து இறுக்கமாகப் பிடித்துவைத்தால் வெல்டிங் ஓரத்தில் கீறல் விடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை மட்டும் தொடவே வேண்டாம். வெல்டிங் சூட்டில் துத்தநாகம் புகையாகக் கிளம்பி, அதைச் சுவாசித்தவருக்குக் குளிர்காய்ச்சல் வரும்.

மேலே நிமிர்த்துவதா, கீழே படுக்க வைப்பதா? காய்ந்த வைக்கோலிலும் புல்லிலும் ஓடும் டிராக்டர் என்றால் எனக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை, மேலேதான். கீழே வைத்தால் மரக்கிளை இடிக்காது, பார்வை மறைக்காது. பழத்தோட்டத்துக்கு அது நல்லது. எப்படி வைத்தாலும் புகை ஓட்டுபவர் முகத்துக்கு வரக் கூடாது, தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீட்டர் வடிகால் ஓட்டை வேண்டும், நிமிர்ந்த குழாயின் வாயில் மழைமூடி வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருந்தால் சைலன்சரின் தாங்கியை இன்ஜினிலேயே பிடியுங்கள். ஒரு முனை இன்ஜினிலும் மறு முனை சேஸிலும் என்றால் நடுவில் ஃபிளெக்சிபிள் குழாய் இல்லாமல் அது நிலைக்காது.

மாட்டியபின் பேக் பிரஷரை அளந்துவிடுங்கள். மேனிஃபோல்டுக்கு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்க்கு) சற்றுத் தள்ளி, நேரான இடத்தில் ஒரு சின்ன நட்டை வெல்டிங் செய்து, அதிலிருந்து ஒரு மீட்டர் செம்புக் குழாய், அப்புறம் தண்ணீர் ஊற்றிய யு வடிவ பிளாஸ்டிக் ட்யூப். இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர் என்றால் ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல். உங்கள் இன்ஜினின் வரம்பு அதன் கையேட்டில் இருக்கும். முழு லோடில் அளக்க வேண்டும். சும்மா நிறுத்திவைத்து ரேஸ் செய்தால் புகை அவ்வளவு சூடாகாமல் அளவு குறைவாகக் காட்டும். வரம்பைத் தாண்டினால் உடலை அறுக்காதீர்கள். வால்குழாயில் கூர்மையான வளைவு இருக்கிறதா என்று பாருங்கள், அடுத்து அதன் விட்டத்தை ஒரு அளவு கூட்டுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால்தான் உள்ளே இருக்கும் ஓட்டைகளும் இணைப்புக் குழாயும்.